தன்னைச் சொல்லித் தொடங்குதல்: நடுநாட்டு எழுத்து மரபில் தன்னறிமுகமும் நோக்கும்

எழுத முற்படும் எவரும், எழுதப்போகும் பொருளுக்கு வருமுன்பே, தாம் யார், எந்த நோக்கோடு எழுதுகிறார் என்பதை வாசகருக்கு ஏதோ ஒரு வகையில் தெரிவித்தாக வேண்டியிருக்கிறது. பெயர், ஊர், படிப்பு, தொழில், விருப்பங்கள் என்று ஒரு பட்டியலைத் தந்துவிட்டு அடுத்ததற்குப் போவது இன்று பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி. விழுப்புரம் மாவட்டத்துக் கெடாரிலிருந்து எழுதத் தொடங்கும் ஓர் இளைஞரும் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ எழுதத் தொடங்கும் ஒருவரும் இந்தப் பட்டியலில் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆனால் இப்பட்டியலைப் படித்து முடித்த வாசகருக்கு, இவரை எதற்காக நம்ப வேண்டும், இவரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பவை தெரியாமலே போகின்றன. தமிழ் எழுத்து மரபு இந்தக் கேள்விகளை நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இலக்கணமும் வகுத்திருக்கிறது. சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடையில் அமைந்ததால் நடுநாடு எனப்பட்ட நிலப்பகுதியில், அதாவது இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய புதுச்சேரியிலும், அந்த மரபின் பல வடிவங்கள் அடுத்தடுத்துத் தோன்றியுள்ளன. ஒருவர் தம்மைப் பற்றி எவ்வளவு சொன்னார் என்பதைக் காட்டிலும், தம்மை எதற்குக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்பதே அவரது அறிமுகத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த வடிவங்கள் ஒருசேரக் காட்டுகின்றன.

பாயிரத்தின் இலக்கணம்

நூலின் முகப்பில் நின்று நூலையும் அதைச் செய்தவரையும் அறிமுகப்படுத்தும் பகுதியைத் தமிழ் இலக்கணிகள் பாயிரம் என்றனர். முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று அதற்கு வேறு பெயர்களும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர் பாயிரத்தைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். எல்லா நூல்களுக்கும் பொருந்தும்படி நூலின் இயல்பு, கற்பிப்பவர் இயல்பு, கற்பிக்கும் முறை, கற்பவர் இயல்பு, கற்கும் முறை ஆகியவற்றைச் சொல்வது பொதுப்பாயிரம். குறிப்பிட்ட ஒரு நூலுக்கு மட்டும் உரியவற்றைச் சொல்வது சிறப்புப்பாயிரம். எத்தனை விரிவாக எழுதப்பட்டிருந்தாலும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது அவர் முடிவு.

சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவை எட்டு. நூலைச் செய்தவர் பெயர், அந்நூல் எந்த முன்னூலின் வழியில் வந்தது என்பது, அது வழங்கும் நில எல்லை, நூலின் பெயர், யாப்பு, நூல் எடுத்துக்கொண்ட பொருள், அதைக் கேட்டுக் கற்பதற்கு உரியவர், கற்றவர் அடையும் பயன் ஆகியன அவை. இவற்றுள் யாப்பு என்பது, நூல் சுருக்கிச் செய்யப்பட்டதா, விரித்துச் செய்யப்பட்டதா, இரண்டும் கலந்ததா, மொழிபெயர்ப்பா என்னும் ஆக்க முறையைக் குறிக்கும். நூல் தோன்றிய காலம், அது அரங்கேறிய அவையாகிய களம், அது எழுதப்பட்ட காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உண்டு என்று நன்னூல் கூறுகிறது. இப்பதினொன்றில் ஆசிரியரின் பெயர் மட்டுமே அவருடைய தனி அடையாளம் என்பது கவனிக்கத்தக்கது. எஞ்சியவை அனைத்தும் அவருடைய உறவுகளையும் பொறுப்புகளையும் குறிப்பவை. வழி என்பது அவர் யாரிடம் கடன்பட்டிருக்கிறார் என்பதைச் சொல்கிறது. எல்லை, அவருடைய சொல் எந்த நிலத்துக்குச் செல்லும் என்பதை வரையறுக்கிறது. கேட்போர், அவர் யாரிடம் பேசுகிறார் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்கிறது. பயன், நூலைப் படித்து முடித்த பின் ஆசிரியரைக் கேள்வி கேட்கும் உரிமையை வாசகருக்கு வழங்குகிறது.

இந்தப் பாயிரத்தை யார் எழுத வேண்டும் என்பதிலும் நன்னூல் கண்டிப்பாக இருக்கிறது. ஆசிரியரின் குரு, அவரோடு ஒருங்கு கற்றவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவரே சிறப்புப்பாயிரம் செய்வதற்கு உரியவர். எவ்வளவு புதிய நூலைச் செய்திருந்தாலும், எத்தனை துறைகளில் தேர்ந்திருந்தாலும், தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதே இவ்விதியின் அடிப்படை. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் பாடிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்று மரபு சொல்கிறது. வடக்கில் வேங்கடமும் தெற்கில் குமரியும் எல்லையாக, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் நூல் அரங்கேறியதை அப்பாயிரம் பதிவுசெய்கிறது. நன்னூலின் சொந்தப் பாயிரமும், சீயகங்கன் என்னும் கங்க மரபுச் சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் அந்நூல் எழுந்ததென்று காரணத்தைக் கூறுகிறது.

எனினும் நன்னூல் தற்புகழ்ச்சியை முற்றிலும் விலக்கிவிடவில்லை. அரசவைக்கு எழுதும் ஓலையில், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்த பொழுதில் ஆகிய நான்கு இடங்களில் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று அது விலக்களிக்கிறது. அறிமுகமில்லாத வாசகர்களை முதன்முறையாகச் சந்திக்கும் எழுத்தாளருடைய நிலை இவற்றுள் இரண்டாவது இடத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே தன்னைச் சொல்வதற்கு மரபில் இடமுண்டு. எந்தச் சூழலில், எந்த அளவுக்கு என்பதே மரபு கேட்கும் கேள்வி.

மண்டகப்பட்டுக் கல்வெட்டு

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. மூன்று கருவறைகள் கொண்ட அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் லக்ஷிதாயதனம் என்ற இக்கோயிலை அமைத்தான் என்று தெரிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. புதுமையை நாடும் மனமுடையவன் என்ற பொருளில் அது வழங்கியது.

ஒரு மனிதன் தன்னையும் தன் நோக்கையும் ஒருங்கே அறிவிக்கும் சான்றாக இக்கல்வெட்டைப் படிக்கலாம். அதில் அரசனின் குலவரிசையும் போர் வெற்றிகளும் இடம்பெறவில்லை. அன்றைய கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டனவோ அந்த நான்கு பொருள்களையும் பெயர் சொல்லி விலக்கி, அவை இல்லாமலே செய்து முடித்ததையே தன் அடையாளமாக அவன் முன்வைக்கிறான். எதைச் செய்தான் என்பதோடு எதைத் துணையாகக் கொள்ளவில்லை என்பதையும் சொல்வதால், இந்த அறிமுகம் கோயிலுக்குள் நுழையும் எவராலும் அங்கேயே சரிபார்க்கக் கூடியதாகிறது. சென்னையை அடுத்த பல்லாவரம் குடைவரையில் இதே அரசனின் விருதுப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த வரிசை அவன் எப்படியெல்லாம் அழைக்கப்பட விரும்பினான் என்பதைக் காட்டுகிறது. மண்டகப்பட்டோ அவன் எதை நம்பினான் என்பதைக் காட்டுகிறது. தன்னறிமுகத்தில் பட்டங்களுக்கும் நோக்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மனிதனின் இரு கல்வெட்டுகளைக் கொண்டு உணர முடிவது அரிய வாய்ப்பு.

இவ்வரசன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தில் வேறொரு முறை கையாளப்படுகிறது. நாடகத்தை நடத்துபவனாகிய சூத்திரதாரன் மேடைக்கு வந்து, இதை எழுதியவர் சிம்மவிஷ்ணுவின் மகனான மகேந்திரவிக்கிரமவர்மன் என்று அவையோருக்கு அறிவிக்கிறான். வடமொழி நாடகங்களின் பொதுவழக்கு அது. சூத்திரதாரன் வாயில் வரும் சொற்களை எழுதியவரும் ஆசிரியரே என்றாலும், அவற்றைப் பிறர் வாயிலாகச் சொல்லவைப்பதன் மூலம், தன்னைக் குறித்துப் பேசுவதற்கு ஓர் இடைவெளியை மரபு உண்டாக்கித் தருகிறது.

சோழர் காலத்தில் முதலாம் இராசராசன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தி, கல்வெட்டின் முகப்பில் அரசனின் செயல்களைத் தமிழ்ச் செய்யுள் நடையில் வரிசைப்படுத்தும் அறிமுகப் பகுதியாகும். ஆட்சியாண்டுகள் கூடக்கூடப் புதிய வெற்றிகள் அதில் சேர்க்கப்பட்டதால், தேதியில்லாத கல்வெட்டுகளின் காலத்தைக் கணிக்கவும் வரலாற்றாசிரியர்களுக்கு அது உதவுகிறது. அறிமுகம் ஒருமுறை எழுதி மூடிவிடும் ஒன்றாக இராமல், வாழ்க்கையோடு சேர்ந்து வளரக் கூடியது என்ற எண்ணத்துக்கு மெய்க்கீர்த்தியே பழைய சான்று. ஆனால் அது வெற்றிகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது. தோல்விகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

ஆள் என்னும் அடையாளம்

பல்லவர் காலத்துப் பக்தி இயக்கம் தன்னறிமுகத்துக்கு வேறொரு அடித்தளத்தை வழங்கியது. தேவாரப் பதிகங்கள் பலவற்றின் இறுதிப் பாடலாகிய திருக்கடைக்காப்பில் பாடியவர் தம் பெயரையும் ஊரையும் பதித்துவைப்பது வழக்கம். சம்பந்தர் காழி ஊரைச் சொல்லியும் சுந்தரர் ஆரூரன் என்னும் தம் பெயரைச் சொல்லியும் முடிக்கின்றனர். பாயிரம் முகப்பில் செய்வதைத் திருக்கடைக்காப்பு முடிவில் செய்கிறது: முழுவதையும் கேட்டு முடித்தவருக்கே பாடியவரின் பெயர் தெரியவருகிறது.

திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் வாழ்வில், ஒருவர் யார் என்னும் கேள்வியே ஒரு வழக்காகிறது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் அவ்வழக்கை விரிவாகக் கூறுகிறது. சுந்தரரின் மணநாளில் முதிய அந்தணர் வடிவில் வந்த இறைவன், சுந்தரரின் பாட்டனார் தம்மையும் தம் வழித்தோன்றல்களையும் தனக்கு அடிமையாக எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூல ஓலை தன்னிடம் உள்ளதென்றும் முதியவர் சொல்ல, அவையோர் அந்த மூல ஓலையைப் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு, கையெழுத்து ஒத்திருப்பதைக் கண்டு தீர்ப்பளிக்கின்றனர். தான் யாருக்கும் அடிமையல்லன் என்று வாதிட்டவர் அன்று முதல் அடியாராகிறார். அடிமை என்று பொருள்படும் ஆள் என்னும் பெயரைத் தம் பாடல்களில் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார்.

திருவாரூரில் அவர் பாடிய திருத்தொண்டத்தொகை இவ்வேற்பின் முதிர்ந்த வடிவம். தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில், தாம் யார் யாருக்கு அடியார் என்று தொண்டர்களின் பெயர்களையே அவர் அடுக்குகிறார். கடைசிப் பாடலில் தம் தந்தை சடையனாரையும் தாய் இசைஞானியாரையும் நாவலூரையும் குறிப்பிட்டு அந்த வரிசையைத் தம்மோடு முடிக்கிறார். வேட்டுவர், குயவர், வணிகர், அரசர், அந்தணர் என்று பல குலத்தவரும் இடம்பெற்ற அந்தப் பட்டியலே பின்னர் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதிக்கும் பெரியபுராணத்துக்கும் மூலமாயிற்று. ஒருவர் யாரை மதிக்கிறார் என்பதைச் சொன்னாலே அவரது நோக்கு வெளிப்பட்டுவிடும் என்பதைத் திருத்தொண்டத்தொகையைப் போலத் தெளிவாகக் காட்டும் நூல் தமிழில் வேறில்லை.

அவையடக்கமும் அதன் உறுதியும்

நூலாசிரியர் கற்றோர் அவை முன் தம் குறைகளைச் சொல்லிப் பணிவு காட்டும் பகுதி அவையடக்கம். கம்பர் தம் இராமகாதையின் தொடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையோடு தம்மை ஒப்பிட்டது பலரும் அறிந்தது. அவையடக்கம் வெறும் சம்பிரதாயம் என்று சிலர் ஒதுக்குவதுண்டு. ஆனால் தம் அளவையும் தாம் எடுத்துக்கொண்ட பொருளின் அளவையும் ஒருங்கே வாசகருக்கு உணர்த்தும் வேலையை அது செய்கிறது.

சுந்தரரின் வழக்கு நடந்ததாகச் சொல்லப்படும் அதே திருவெண்ணெய்நல்லூரில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் முதல்நூலாகிய சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு நூற்பாக்களில் அமைத்தார். அதன் அவையடக்கம் வழக்கமான பணிவிலிருந்து வேறுபடுகிறது. தம்மையும் தம்மை ஆட்கொண்ட இறைவனையும் உணர்ந்தவர்கள் தம்மைச் சார்ந்தவராக எண்ணி எங்களை இகழமாட்டார்கள்; தம்மையே உணராதவர்களோ தங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லாதவர்கள் என்பதால், அவர்கள் சொல்லும் பழியை நாங்கள் செவிகொள்வதில்லை என்னும் கருத்தை அது கூறுகிறது. பணிவு யாரிடம், உறுதி யாரிடம் என்பதை இவ்வளவு சுருக்கமாகப் பிரித்துக்காட்டும் அவையடக்கம் அரிது. நூல் முழுவதும் ஆராயப்போகும் பொருளாகிய தன்னுணர்வு அவையடக்கத்திலேயே அளவுகோலாக வைக்கப்படுவதால், அறிமுகமும் நோக்கும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குருவாக இருந்த அருள்நந்தி சிவாசாரியார் பின்னர் அவருக்கே மாணவராகிச் சிவஞானசித்தியாரை இயற்றினார் என்னும் செய்தி, வயதையும் நிலையையும் கடந்து அந்நோக்கு ஏற்கப்பட்டதற்குச் சான்று.

ஆனந்தரங்கரின் முதல் நாள்

1736 செப்டம்பர் 6 அன்று புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த அவர், பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேக்குத் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் விளங்கியவர். அவருடைய உறவினரான நைனியப் பிள்ளை அப்பதவியில் இருந்தபோது குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலேயே 1717இல் இறந்தார். பிரெஞ்சு அதிகாரத்தோடு நெருங்கி வாழ்வதன் ஆபத்தைத் தம் குடும்பத்திலேயே கண்டவர் எழுதிய குறிப்பு இது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கடவுள் துணையை வேண்டிய பின், அந்தத் தொடக்கக் குறிப்பில் அவர் தம் குலப்பெருமையைப் பேசவில்லை. தம் செல்வத்தையும் குறிப்பிடவில்லை. காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும், கப்பல்கள் வருவதையும் போவதையும், நிகழும் அதிசயங்களையும் புதுமைகளையும் எழுதப்போவதாக மட்டுமே அறிவிக்கிறார். பாயிரத்தின் இலக்கணத்தோடு ஒப்பிட்டால், நூல் எடுத்துக்கொண்ட பொருளை மட்டும் சொல்லி ஏனையவற்றை விட்டுவிட்டது போல இது தோன்றும். ஆழ்ந்து பார்த்தால், செய்தியின் மூலம் இரண்டே என்று அவர் வரையறுத்துக்கொண்டது தெரிகிறது: கண், காது. புராணமும் சாத்திரமும் சான்றாகக் கொள்ளப்பட்ட காலத்தில், தாம் நேரில் அறிந்ததையே எழுதுவதாக ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது புதியதொரு நோக்கு. கேட்டதைக் கேட்டதென்றும் பார்த்ததைப் பார்த்ததென்றும் பிரித்தறிய இடம்கொடுப்பதால், வாசகர் அதை எடைபோட முடிகிறது.

அந்த வாக்கை அவர் 1761 ஜனவரியில் இறக்கும் வரை, இடையிடையே விடுபட்ட நாள்கள் இருந்தாலும், கால் நூற்றாண்டு காலம் காப்பாற்றினார். கப்பல் சரக்குகளும் துணி வியாபாரமும், அரசியல் சூழ்ச்சிகளும் சாதிச் சச்சரவுகளும், ஆளுநர் மாளிகைப் பேச்சுகளும் கர்நாடகப் போர்களின் செய்திகளும் அன்றைய பேச்சுத்தமிழின் சொற்களோடும் பாரசீக, பிரெஞ்சு, போர்த்துக்கீசியச் சொற்களோடும் அதில் நிரம்பியுள்ளன. அச்சிடும் எண்ணம் இல்லாமல் எழுதப்பட்ட அந்த ஏடுகளை 1846இல் கலுவா மோம்பிரேன் என்பவர் கண்டறிந்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தம்மைப் பற்றி எழுதிய வேறு இருவரோடு அவரை ஒப்பிடலாம். பிரான்சில் மோந்தேயின் என்னும் எழுத்தாளர் 1580இல் தம் கட்டுரைத் தொகுப்பின் முகப்பில் தாமே தம் நூலின் பொருள் என்று அறிவித்தார். ஆக்ராவில் வாழ்ந்த சமண வணிகர் பனாரசிதாசர் 1641இல் தம் ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்வைப் பாதிக்கதை என்று பெயரிட்டுச் செய்யுளில் எழுதினார். இவ்விருவரும் தம்மை நடுவில் வைத்து உலகைப் பார்த்தனர். ஆனந்தரங்கர் உலகை நடுவில் வைத்தார். அதைப் பார்த்த கண்ணின் தன்மை கொண்டு அவரை நாம் அறிகிறோம்.

அச்சுக்காலத்தின் மாற்றங்கள்

அச்சு நூல் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாயிர மரபு இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று, பிறர் அறிமுகப்படுத்தும் பழைய வழியின் தொடர்ச்சி. கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், தம் பாடல்கள் அச்சேறும் முயற்சி நடந்தபோது, இராமலிங்கசாமி என்று தம் பெயரைப் போடுவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதை வழங்க வேண்டாம் என்று கடிதத்தில் கேட்டுக்கொண்டார். 1867இல் திருவருட்பா வெளிவந்தபோது அவருடைய முதன்மை மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார், நூல் தோன்றிய வரலாற்றைச் செய்யுளில் எழுதி உடன் சேர்த்தார். திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெயரும் அப்பதிப்பால் நிலைபெற்றது. மாணவர் சிறப்புப்பாயிரம் செய்யலாம் என்னும் நன்னூல் விதி, அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அச்சு நூலில் நிறைவேறியதை இதில் காணலாம். தம்மை ஒடுக்கிக்கொண்ட ஆசிரியரும் அவரை உயர்த்தி நிறுத்திய மாணவரும் ஒரே நூலில் எதிரெதிராக நிற்பது அம்மரபின் உள்முரணையும் காட்டுகிறது.

மற்றொரு கிளை, ஆசிரியரோ பதிப்பாசிரியரோ தாமே தம் நோக்கைச் சொல்லும் முகவுரை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, எடுக்கும்போதே உதிரும் ஏட்டுச்சுவடிகளின் நிலையைத் தம் பதிப்புரையில் எடுத்துரைத்து, தாம் ஏன் இப்பணியில் இறங்கினார் என்பதை விளக்கினார். 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதி, 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில், எளிய பதங்கள், எளிய நடை, எளிதில் புரியும் சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றைக் கொண்டு காவியம் செய்பவரே தாய்மொழிக்குப் புத்துயிர் தருபவர் என்னும் தம் கொள்கையை வெளியிட்டார். ஓரிரண்டு ஆண்டுப் படிப்பு உடையவர்க்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்று அவர் சொன்னது, பாயிரம் கேட்கும் கேட்போர் என்னும் உறுப்பை முற்றிலும் மாற்றியமைத்தது. கற்றோர் அவை இருந்த இடத்தில் பொதுமக்கள் வந்தனர். இனிப் பிறந்து தமிழில் காவியம் செய்யப்போகும் கவிஞர்களுக்கும் அவர்களுக்குத் துணைநிற்கப்போகும் புரவலர்களுக்கும் அந்நூலை அவர் காணிக்கையாக்கியதால், முன்னோரைச் சொல்லித் தொடங்கும் வழியும் வருங்காலத்தவரை நோக்கித் திரும்பியது.

ஊரைச் சொல்லித் தொடங்குதல்

இருபதாம் நூற்றாண்டில் தன்வரலாறு தமிழில் வேரூன்றியபோதும், தன்னைச் சொல்ல வந்தவர்கள் முதலில் ஊரைச் சொன்னார்கள். உ. வே. சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற என் சரித்திரம், உத்தமதானபுரத்தின் வரலாற்றோடும் அவ்வூரின் பழைய அமைப்போடும் தொடங்குகிறது. முன்னோர்களைச் சொன்ன பிறகே அவர் தம் பிறப்புக்கு வருகிறார். 1992இல் வெளிவந்த பாமாவின் கருக்கும் ஊரைத்தான் முதலில் காட்டுகிறது. ஆனால் அங்கே மலையும் வயலும் அழகாக விரிந்த பின், எந்தத் தெரு யாருக்கு, எந்த வசதி எந்தப் பக்கம் என்பது சாதிவாரியாகத் தெளிவாகிறது. ஒரே தொடக்க முறை, ஒருவர் கையில் பெருமையின் வரலாறாகவும் இன்னொருவர் கையில் அநீதியின் வரைபடமாகவும் அமைகிறது. ஊரைச் சொல்லுதல் நடுநிலையான செய்தி என்று எண்ணுவது தவறு. ஊரின் எந்த முனையில் நின்று சொல்கிறார் என்பதே எழுதுபவரின் நோக்கு.

நடுநாட்டில் இதற்கு வலுவான எடுத்துக்காட்டு, விழுப்புரத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த த. பழமலயின் சனங்களின் கதை. 1988இல் வெளிவந்த அத்தொகுப்பில் தாய், தந்தை, உற்றார், ஊரார் ஆகியோரின் வாழ்க்கை வட்டாரப் பேச்சுமொழியில் கவிதையானது. கவிஞர் தம்மைத் தனியாக முன்னிறுத்தாமல், தம்மை உருவாக்கிய மனிதர்களை வரிசையாகக் காட்டித் தம்மை அறியச் செய்வதால், திருத்தொண்டத்தொகை எடுத்த வழியை வேறொரு காலத்தில், உழைக்கும் மக்களைக் கொண்டு அவர் தொடர்ந்தார் என்று கருத இடமுண்டு. புதுச்சேரியில் பேராசிரியராகப் பணியாற்றிய ராஜ் கௌதமன், 2002இல் வெளியான சிலுவைராஜ் சரித்திரத்தில் தம் இளமை வாழ்வைச் சிலுவைராஜ் என்னும் பெயருக்குக் கொடுத்துப் படர்க்கையில் எழுதினார். மத்தவிலாசத்தில் சூத்திரதாரன் உண்டாக்கிய இடைவெளியை இங்கே கதைமாந்தர் பெயர் உண்டாக்குகிறது. அந்த இடைவெளி தன்னையே ஈவிரக்கமின்றி ஆராய்வதற்குப் பயன்படுகிறது.

இன்று எழுதுவோருக்கு

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, நல்ல தன்னறிமுகத்துக்கு மூன்று இயல்புகள் பொதுவாக இருப்பது புலனாகிறது. முதலாவது, அது சரிபார்க்கக் கூடியதாக இருக்கிறது: மண்டகப்பட்டுக் கோயிலில் செங்கல் உண்டா என்று எவரும் பார்க்கலாம், ஆனந்தரங்கர் கண்டதையும் கேட்டதையும் எழுதினாரா என்று அவர் ஏடுகளைக் கொண்டே சோதிக்கலாம். இரண்டாவது, அது கடன்பட்டவர்களின் பெயர்களைச் சொல்கிறது: நன்னூலின் வழியும் சுந்தரரின் தொகையும் பழமலயின் சனங்களும் இதற்குச் சான்று. மூன்றாவது, யாருக்காக எழுதுகிறார் என்பதை அது மறைப்பதில்லை. மெய்கண்டாரும் பாரதியும் தத்தம் வாசகரைத் தெளிவாகத் தேர்ந்துகொண்டனர். இம்மூன்றும் இல்லாத அறிமுகம் எத்தனை அழகாக எழுதப்பட்டாலும் பல்லாவரத்து விருதுப்பெயர் வரிசையின் நிலையிலேயே நிற்கும்.

ஆகவே கெடாரிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ எழுதத் தொடங்கும் ஒருவர், பாயிரத்தின் பதினொரு உறுப்புகளைத் தமக்கு ஏற்ற கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். விவசாயத்தைப் பற்றி எழுதுபவரானால், தம் அறிவு சொந்த நிலத்தில் கிடைத்ததா, பெரியவர்களிடம் கேட்டதா, படித்ததா என்பதை வழி என்னும் உறுப்பின் கீழ்ச் சொல்லலாம். தம் அனுபவம் மானாவாரிப் புன்செய்க்குப் பொருந்துமா, ஏரிப் பாசன நன்செய்க்குப் பொருந்துமா என்பதை எல்லை என்னும் உறுப்பின் கீழ் வரையறுக்கலாம். விளைவிப்பவருக்கா, வாங்கி உண்பவருக்கா என்பதைக் கேட்போர் என்னும் உறுப்பின் கீழ் உறுதிசெய்யலாம். ஏன் இப்போது எழுத வேண்டியதாயிற்று என்பதைக் காரணமாகக் கூறலாம். சாதியும் பாலினமும் வர்க்கமும் தம் பார்வையை எங்கே வடிவமைத்தன என்பதையும் அதே நேர்மையோடு சொல்லலாம். கொள்கைகளை அடுக்கிச் சொல்வதைவிட இந்த விவரங்கள் ஒருவரின் நோக்கை உறுதியாக வெளிப்படுத்தும்.

தன்னைப் புகழக் கூடாது என்ற பழைய விதியும், தன்னைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற இன்றைய தேவையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று கருத வேண்டியதில்லை. பல தலைமுறைகளாகத் தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே படிக்க நேர்ந்த மக்களுக்கு, தம் பெயரைத் தாமே எழுதுவது உரிமை. அவ்வுரிமையை நன்னூலின் இரண்டாவது விலக்கும் ஆதரிக்கிறது. அந்த உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது. முகப்பில் கொடுத்த வாக்கை அடுத்தடுத்து எழுதும் ஒவ்வொன்றிலும் காப்பாற்ற வேண்டும். நோக்கு மாறினால் மெய்க்கீர்த்தியைப் போல அறிமுகத்தையும் திருத்தி எழுத வேண்டும். மெய்க்கீர்த்தி விட்டுவிட்ட தோல்விகளையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதுபவரின் அறிமுகம், பனம்பாரனார் தொல்காப்பியருக்குச் செய்ததைப் போல, வாசகர்களும் உடன் கற்றவர்களும் நாளடைவில் எழுதித் தரும் சிறப்புப்பாயிரத்துக்கு வழிவிடும்.